தலைத்துவாய்

அந்த வியாழக்கிழமை காலையில் தன் கணவரின் முகத்தைத் தன் கையாலேயே துடைத்துவிட்டதைப் பத்மாவதி வெளியார் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்துவாள். கேட்டவருக்குத் தேத்தண்ணி போடப் போகிறவள் மாதிரி எழும்பி உள்ளே போய்விடுவாள்.

கணவர் மார்க்கண்டுவுக்கு வலது கண் இமை துடிக்கத் தொடங்கியது மாசி பிறந்த கிழமை. குப்பிளானில் வெங்காயம் மண்ணுக்குள் திரண்டுவருகிற காலம். வீட்டுக்குப் பின்னால் கிணறு, கிணற்றடியில் மோட்டர்க் கொட்டில், அதற்கு அப்பால் செம்மண்ணில் ஆறு பரப்பு வெங்காயம். விடியப் பார்த்தால் தாள் நுனியெல்லாம் பனித்துளி தொங்கும். பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று ஏறும். பனியும் வெயிலும் இப்படி மாறிமாறி வந்தால் தாளில் இலைப்பேன் பிடிக்கும். அந்த முறை மோசமாகப் பிடித்தது. பச்சைத் தாள்களில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்து, நுனி சுருண்டு, தோட்டம் ஒரு நோயாளியைப் போலக் கிடந்தது. மார்க்கண்டு எங்கோ விசாரித்துப் புதிதாக ஒரு போத்தில் பூச்சிமருந்து வாங்கி வந்தார். கிழமைக்கு இரண்டு பின்னேரம் மருந்தடிக்கிற மெசினை முதுகில் கொழுவிக்கொண்டு, தலையையும் மூக்கையும் துவாயால் சுற்றிக் கட்டிக்கொண்டு, வரம்பு வரம்பாக அடித்தார். காற்று முகத்துக்கு எதிராக வந்தால் அவர் நிறுத்துவதில்லை. கண்ணை மட்டும் சுருக்கிக்கொள்வார்.

இமை துடித்தது முதலில் அவருக்கு விளையாட்டாக இருந்தது. ஒரு கிழமை தாண்டியும் நிற்கவில்லை என்றதும் எரிச்சலாக வந்தது. வாய்க்காலில் தண்ணீர் மாற்றும்போதும், புட்டைக் குழைத்து வாயில் வைக்கும்போதும், கண்ணோரத்தில் ஏதோ பூச்சி சிறகடிப்பதுபோல.

பத்தாம் நாள் பின்னேரம் அவருடைய தமக்கை இராசபூபதி முருங்கைக்காயோடு வந்து சேர்ந்தாள்.

"எந்தக் கண்ணடா துடிக்குது?"

"வலது, அக்கா."

"அப்ப நல்லது. ஆம்பிளையளுக்கு வலக்கண் துடிச்சால் ஆரோ நல்ல சேதியோடை வருகினம்."

"பத்து நாளாத் துடிக்குது. வாறவர் என்ன, கொழும்பிலை இருந்து நடந்தோ வாறார்?"

பத்மாவதி குசினிக்குள் இருந்து சிரித்தாள். இராசபூபதி விடவில்லை.

"பகிடி விடாதை. வைக்கல் துண்டொண்டை எச்சில் தொட்டு இமையிலை ஒட்டு. பாரத்துக்கு நிண்டுபோம்."

"ஒட்டினனான். காத்து அள்ளிக்கொண்டு போட்டுது."

"நந்தியாவட்டைப் பூவைப் பிழிஞ்சு ரெண்டு சொட்டு விடு. இல்லாட்டி முலைப்பால் விடோணும். அடுத்த வீட்டுக் கீர்த்திகாவுக்குப் பிள்ளை பிறந்து ரெண்டு மாசந்தானே? பத்மா, நீ ஒருக்காப் போய், உள்ளதைச் சொல்லி, ஒரு சங்கிலை..."

மார்க்கண்டு கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "எனக்குக் கண்ணே வேண்டாம் அக்கா! ரெண்டையும் தோண்டி எறியிறன். பிறகு அந்தப் பிள்ளையின்ரை மனுசன்ரை முகத்திலை நான் எப்பிடி முழிக்கிறது?"

"முழிக்கத்தானே கண்ணிலை விடச் சொல்லுறன்."

அந்த நேரம் மகள் வினோஜா வேலை முடிந்து வந்து, மோட்டார் சைக்கிளை மாமரத்தடியில் நிறுத்தினாள். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்கிறவள். வீட்டில் எந்தச் சர்ச்சைக்கும் கடைசித் தீர்ப்பு அவளுடையது. ஹெல்மெட்டைக் கழற்ற முன்னமே தொடங்கினாள்.

"மாமி, ஆரின்ரை பாலும் வேண்டாம், பூவும் வேண்டாம். கண்ணுக்குள்ளை ஒண்டும் விடக்கூடாது. கிருமி போச்செண்டால் கண் பழுதாப் போம்."

"நாங்கள் எல்லாம் விட்டு வளந்தனாங்கள்தான். குருடாயோ கிடக்கிறம்?"

வினோஜா போனைத் தட்டினாள். "இதிலை வடிவாப் போட்டிருக்கு. நல்லா நித்திரை கொள்ளோணும். தேத்தண்ணி குறைக்கோணும். அப்பா, ஒரு நாளைக்கு எத்தினை?"

"நாலு."

"எட்டு," என்றாள் பத்மாவதி உள்ளேயிருந்து.

"எட்டும் பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு. அதை மூண்டாக்குங்கோ. பிறகு, வெந்நியிலை துணியைத் தோய்ச்சுப் பிழிஞ்சு மூடின கண்ணுக்கு மேலை பத்து நிமிசம் வைக்கோணும். அதுதான் ஆபத்தில்லாததாம். ரெண்டு கிழமைக்கு மேலை துடிச்சால் டொக்டரிட்டைக் காட்டட்டாம்."

"இண்டைக்குப் பத்துத்தானே," என்றார் மார்க்கண்டு. "இன்னும் நாலு நாள் கிடக்கு."

அப்படித்தான் ஒத்தடம் தொடங்கியது.

திங்கட்கிழமை காலை பத்மாவதி கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்து, பச்சைத் தண்ணீர் கலந்து, முழங்கையில் விட்டுச் சூடு பார்த்தாள். கனடாவிலிருந்து தன் தம்பி அனுப்பிய துவாயொன்றை அலுமாரியிலிருந்து எடுத்து வந்தாள். மார்க்கண்டு அதைத் தொட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இது ஆட்டுத்தோல் மாதிரிக் கிடக்கு. என்ரை துவாயை எடன். அதுதான் மெத்தெண்டு இருக்கும்."

அவருடைய துவாய் நீலக்கோடு போட்ட பழைய பருத்தித் துவாய். தோய்த்துத் தோய்த்து, வெற்றிலைபோல மெலிந்துபோனது. குசினிக்குப் பக்கத்துக் கொடியில் தொங்கியது.

பத்மாவதி கவனமில்லாதவள் அல்ல. மருந்தடிக்கும்போது இடுப்பில் கட்டுகிற சாரமும் போடுகிற முழுக்கைச் சேட்டும் கிணற்றடிக்கு இங்கால் வரக்கூடாது என்பது கலியாணமான நாளிலிருந்து அவள் போட்ட சட்டம். அவை மோட்டர்க் கொட்டில் ஆணியிலேயே தொங்கும். அவரே சவர்க்காரம் போட்டுத் தனி வாளியில் தோய்ப்பார். மருந்தடித்த கையோடு குளிக்காமல் வாசல்படி மிதிக்கவும் முடியாது. ஆனால் தலையில் கட்டுகிற துணியை, இடுப்பில் கட்டுகிற துணியோடு ஒரே வாளியில் போடுவதில்லை. ஒரே ஆணியில் கொழுவுவதுமில்லை. அவர்கள் இருவருடைய வீடுகளிலும் அப்படித்தான். அதனால் துவாய் மட்டும் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. அடித்து முடிந்ததும் தொட்டித் தண்ணீரில் ஒருமுறை அலசி, உதறி, மரியாதையாக வீட்டுக் கொடிக்கு வந்துவிடும். அது தலைக்குரிய துணி. அதை அழுக்கென்று அந்த வீட்டில் ஒருவரும் நினைத்ததில்லை.

துவாயை வெந்நீரில் அமிழ்த்தியபோது ஒரு மணம் எழும்பியது. உள்ளி வதங்கி அழுகுவதுபோல. வெங்காயக்காரர் வீட்டில் அதை யார் கவனிப்பது?

அவர் சாய்மனைக் கதிரையில் அண்ணாந்து கிடந்தார். அவள் பலகையைப் போட்டுப் பக்கத்தில் இருந்து, மடித்த துவாயை இமைமேல் வைத்து, நழுவாமல் உள்ளங்கையால் பிடித்துக்கொண்டாள். முப்பது வருசத்தில் இருவரும் விடிந்த வெளிச்சத்தில் இப்படிச் சும்மா இருந்தது கிடையாது. அவர் தோட்டத்துக்கு ஓடுவார். அவள் அடுப்புக்கு ஓடுவாள். இப்போது பத்து நிமிசம் இருக்கத்தான் வேண்டும் என்று மகளின் போன் சொல்லிவிட்டது.

"சுடுதோ?"

"இல்லை."

"நோகுதோ?"

"இல்லையப்பா. பேசாமல் வைச்சுக்கொண்டிரு."

கொஞ்ச நேரம் கழித்து, துணிக்குக் கீழேயிருந்து அவர் கேட்டார்: "உனக்கு ஞாபகமிருக்கே, இடம்பெயர்ந்து சாவகச்சேரியிலை இருக்கேக்கை எனக்குக் காய்ச்சல் வந்தது?"

"ஓம். விசர்க்கதை கதைச்சுக்கொண்டு கிடந்தியள்."

"அப்பவும் நீ நெத்தியிலை கை வைச்சனி."

வினோஜா பல்லுத் தீட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "பத்து நிமிசம் எண்டனான். இஞ்சை அரை மணித்தியாலம் போகுது. நான் வேலைக்குப் போறன், நீங்கள் ஒத்தடம் வையுங்கோ."

பத்மாவதிக்குக் காது சிவந்தது. கையை எடுக்கவில்லை.

செவ்வாயும் அப்படியே. துடிப்புக் குறையவில்லை. புதன் காலையில் இடது இமையும் சேர்ந்து துடிக்கத் தொடங்கியது. சேதி கேட்ட இராசபூபதி, "அப்ப வாறது ரெண்டு பேர்," என்று போனிலேயே சொன்னாள். பத்மாவதிக்கும் தலையிடித்து மூக்கால் ஓடியது. பனி பட்டதென்று மல்லித்தண்ணி வைத்துக் குடித்தாள். புதன் பின்னேரம் மார்க்கண்டு ஆறு பரப்பையும் ஒரே மூச்சில் அடித்து முடித்தார்.

வியாழன் காலை அவள் இரண்டு கண்ணுக்கும் சேர்த்துத் துவாயை வைத்தாள். ஆறியதும் மறுபடி தோய்த்துப் பிழிந்து வைத்தாள். மூன்று தடவை மாற்றினாள். கடைசித் தடவை துணியை எடுத்தபோது அவர் கண்ணைத் திறந்து மேலே பார்த்தார்.

"பத்மா, அந்த லைற்றை ஒருக்காப் போடன்."

அவள் சிரித்தாள். "என்ன லைற்று? வெயில் உங்கடை காலிலை விழுந்து கிடக்கு."

"இருட்டாக் கிடக்கு."

"சும்மா விளையாடாதையுங்கோ."

"மெய்யாத்தான் சொல்லுறன். உன்ரை முகம் தெரியேல்லை."

அவள் குனிந்தாள். அவருடைய கண்மணிகள் இரண்டும் குண்டூசித் தலையளவுக்குச் சிறுத்துப்போயிருந்தன. அப்படி ஒரு கண்ணை அவள் அதுவரை எந்த உயிரிலும் பார்த்ததில்லை. அவருடைய நெற்றியில் வேர்வை முத்துமுத்தாகக் கிளம்பியது. வாயோரத்தில் எச்சில் வழிந்தது. கன்னத்துத் தசை ஒரு பக்கமாகத் துள்ளியது. பிறகு தோள், பிறகு கை. தோலுக்குக் கீழே புழுக்கள் ஓடுவதுபோல. அவர் எழும்ப முயன்று, பக்கவாட்டில் சரிந்து, குடித்த தேத்தண்ணியெல்லாம் சத்தி எடுத்தார்.

"வினோ! பிள்ளை! அப்பாவை வந்து பாரணை!"

வினோஜா தலைமயிரை அரைகுறையாகப் பின்னியபடி ஓடிவந்தாள். தகப்பனைப் பார்த்ததும் சீப்பு கீழே விழுந்தது. போனை எடுத்து ஓட்டோக்காரப் பிரகாசைக் கூப்பிட்டாள்.

ஓட்டோவில் மார்க்கண்டுவின் தலை பத்மாவதியின் மடியில் கிடந்தது. மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பதுபோலச் சத்தம் கேட்டது. எச்சில் வழிய வழிய அவள் கையிலிருந்த துவாயால் துடைத்தாள். வாயைத் துடைத்தாள், கண்ணைத் துடைத்தாள், வேர்த்த கழுத்தைத் துடைத்தாள்.

"அங்கிளுக்கு வாதமோ அன்ரி?" என்று பிரகாஸ் திரும்பாமலே கேட்டான்.

"தெரியேல்லை தம்பி. நீ கெதியா ஓடு."

"கண்ணிலை தொடங்கினது," என்றாள் வினோஜா. அவளுடைய குரல் யாரோ வேறு பெண்ணின் குரல்போல இருந்தது. "கண் துடிச்சது அம்மா. நான்தான் ஒத்தடம் வைக்கச் சொன்னனான். டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போயிருக்கோணும்."

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டொக்டர் ரோச் அடித்து அவருடைய கண்ணைப் பார்த்தாள். பார்த்த உடனேயே தாதி மிஸ்ஸியிடம் ஊசியின் பெயரைச் சொன்னாள். பிறகுதான் பத்மாவதியிடம் திரும்பினாள்.

"அம்மா, இவர் தோட்டம் செய்யிறவரோ?"

"ஓம். வெங்காயம்."

"மருந்தடிச்சவரோ?"

"நேற்றுப் பின்னேரம். ஆனால் வடிவாக் குளிச்சவர். உடுப்பெல்லாம் மாத்தினவர். நான் அதிலை சரியான கண்டிப்பு."

"பிழையாக் குடிச்சிருப்பாரோ? கோபதாபம் ஏதும்?"

"ஐயோ பிள்ளை, அப்பிடிக் கதையாதையுங்கோ! அவர் சந்தோசமாத்தான் இருந்தவர். காலமை நாங்கள் ரெண்டு பேரும் கதைச்சுக்கொண்டிருந்தனாங்கள்."

டொக்டர் யோசித்தாள். "குடிச்சது மாதிரி வாய் மணக்கேல்லை. கண்ணிலைதான் கூடத் தெரியுது. மருந்து முகத்தாலை உள்ளை போயிருக்கு. முகத்திலை என்னத்தைப் பூசினனீங்கள்?"

"ஒண்டும் பூசேல்லை. வெந்நி ஒத்தடம் மட்டுந்தான்," என்று சொல்லிக்கொண்டே பத்மாவதி குனிந்து, அவருடைய வாயோரத்தை மறுபடி துடைத்தாள்.

டொக்டரின் கண் அவளுடைய கையில் விழுந்தது.

"அது என்ன துணி?"

"இவரின்ரை துவாய்."

"எதுக்குப் பாவிக்கிறது?"

"தலையிலை கட்டுறது. மருந்தடிக்கேக்கை மூக்கையும் மூடிக் கட்டு..."

சொல்லி முடிக்கவில்லை. தன் கையிலிருந்த துவாயைக் குனிந்து பார்த்தாள். டொக்டர் ஒரு அடி முன்னால் வந்து, மெதுவாக, ஒரு பிள்ளையின் கையில் கத்தி இருப்பதைக் கண்டவளைப்போலச் சொன்னாள்:

"அம்மா, அதைக் கீழை போடுங்கோ."

விரல்கள் விரியவில்லை. வினோஜாதான் பாய்ந்து பிடுங்கப் போனாள். "நீர் தொடாதையும்!" என்று மிஸ்ஸி கத்தி, கையுறை போட்ட கையால் இழுத்தெடுத்துப் பிளாஸ்ரிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டினாள். பைக்குள் அந்த நீலக்கோடுகள் ஈரமாகத் தெரிந்தன.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பத்மாவதிக்குத் தூரத்தில் நடப்பதுபோலவே இருந்தது. அவருடைய உடுப்பைக் கழற்றுகிறார்கள். தலையையும் முகத்தையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறார்கள். கண்ணைத் திறந்து பிடித்து நீர் விடுகிறார்கள். யாரோ அவளைத் தண்ணீர்க் குழாயடிக்குக் கூட்டிப்போய் முழங்கைவரை தேய்த்துக் கழுவுகிறார்கள். அவளுடைய கண்ணிலும் ரோச் அடிக்கிறார்கள். "உங்களுக்கும் கொஞ்சம் பிடிச்சிருக்கு. தலையிடியோ? மூக்காலை ஓடுதோ?"

"பனி," என்றாள் அவள்.

"பனியில்லை அம்மா. அது துணியிலை ஊறிப்போய்க் கிடக்கும். சும்மா தண்ணியிலை அலசினாப் போகாது. வெந்நியிலை போட்டு இளகவைச்சு, மெல்லிய தோலிலை, கண்ணுக்கு மேலை அமத்திப் பிடிச்சால்..."

டொக்டர் அங்கேயே நிறுத்திக்கொண்டாள். வினோஜா சுவரோடு சாய்ந்து அழுதாள். "நான்தான் போனிலை பாத்துச் சொன்னனான் டொக்டர்."

"ஒத்தடம் பிழையில்லை பிள்ளை. சுத்தமான துணி எண்டால் ஒண்டும் நடந்திராது. ஆனால் மருந்தடிக்கிற மனுசனுக்கு இமை துடிக்குதெண்டால் ரெண்டு கிழமை பாத்துக்கொண்டு இருக்கிறேல்லை. அண்டைக்கே வாறது. என்ன மருந்தெண்டு பேர் தெரியுமோ?"

வினோஜா போனில் சொல்ல, இராசபூபதி கொட்டிலுக்குப் போய்ப் போத்திலைப் படமெடுத்து அனுப்பினாள். பழுப்புநிறப் போத்தில். பெயரில்லை, எழுத்தில்லை. ஒட்டியிருந்த கடதாசியை யாரோ சுரண்டி எடுத்த தடம் மட்டும் இருந்தது. டொக்டர் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "தடை செய்த மருந்தா இருக்கோணும். பேரைச் சுரண்டிப்போட்டுக் களவா விக்கிறாங்கள்," என்று தனக்குத்தானே சொன்னாள்.

முதல் நாள் முழுக்க ஊசி ஏறியது. எச்சில் வற்றியது. கண்மணி விரிந்தது. மார்க்கண்டு வாய் காய்ந்து, கட்டிலில் கிடந்தபடி வாய்க்காலை மறிக்கச் சொல்லி யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் மகளை அடையாளம் கண்டார். மூன்றாம் நாள் கஞ்சி குடித்தார். அவருடைய இமை இரண்டும் அசையாமல் கிடந்தன. அவை மறுபடி துடிக்கிறதோ என்று பத்மாவதி குனிந்து குனிந்து பார்த்தாள்.

அவருக்கு ஒன்றும் தெரியாது. மருந்தடித்தது ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். மிச்சத்தைத் தானே சொல்வதாக அவள் டொக்டரிடம் சொல்லிவைத்திருந்தாள். காலையில் சொல்லலாம் என்று நினைப்பாள். கஞ்சி குடித்து முடியட்டும் என்று தள்ளுவாள். நோயாளரைப் பார்க்க வந்தவர்கள் போன பிறகு சொல்லலாம் என்று நினைப்பாள், அவர் கண்ணயர்ந்துவிடுவார். கேட்டால் அவர் தன்னை எப்படிப் பார்ப்பார் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. முப்பது வருசம் அவள் சமைத்ததைத் திரும்பிப் பார்க்காமல் சாப்பிட்ட மனுசன். இனி அவள் நீட்டுகிற கோப்பையை ஒரு கணம் பார்த்துவிட்டு வாங்கினால்?

அன்று பின்னேரம் வினோஜா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். மார்க்கண்டு தானாகவே தலையணையில் நிமிர்ந்து படுத்தார்.

"பத்மா, இஞ்சை வெந்நி எடுக்கலாமோ?"

"என்னத்துக்கு?"

"அந்த ஒத்தடத்தை ஒருக்கா வையன். நீ வைக்கேக்கைதான் சுகமாக் கிடந்தது."

அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். இனித் தள்ள இடமில்லை. ஒரே மூச்சில், அவருடைய முகத்தைப் பார்க்காமல், போர்வையின் விளிம்பைப் பார்த்துச் சொன்னாள். துவாயைச் சொன்னாள். வெந்நீரைச் சொன்னாள். ஓட்டோவில் துடைத்ததையும் மறைக்கவில்லை.

"நான்தான். என்ரை கையாலைதான். நாலு நாளா உங்கடை கண்ணிலை நான்தான் நஞ்சை வைச்சு அமத்திக்கொண்டு இருந்தனான்."

மின்விசிறி கிறீச் என்று சுற்றியது. பக்கத்துக் கட்டில்காரர் இருமினார். அவள் தலையை நிமிர்த்தியபோது, அவர் அவளைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு மணந்தது," என்றார்.

"என்ன?"

"துவாய். முதல் நாளே மணந்தது. அந்த மருந்து மணம் எனக்குத் தெரியாதோ? மெசினைத் தூக்கிறவன் நான்தானே."

அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியபோது கட்டில் சட்டத்தை விட்டு அவருக்குக் கிட்டப் போனாள்.

"தெரிஞ்சுகொண்டோ பேசாமல் கிடந்தனீங்கள்?"

"இவ்வளவு வருமெண்டு தெரியாது. கொஞ்சம் மணக்குது, பறவாயில்லை எண்டு நினைச்சன்."

"வாயைத் துறந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே! நான் வேறை துணி எடுத்திருப்பனே!"

"சொன்னால் நீ கையை எடுத்துப்போட்டு எழும்பிப் போயிடுவாய்." அவர் இன்னமும் யன்னலையே பார்த்தார். கழுத்துவரை சிவந்திருந்தது. "போனால் அடுப்பிலை ஏதும் கிடக்கும். பிறகு வரமாட்டாய்."

பத்மாவதி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏச வேண்டும்போல இருந்தது. தலையிலடித்துக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது.

"விசர் மனுசன்," என்று மட்டும் சொன்னாள். அது சத்தமாகக்கூட வெளியில் வரவில்லை.

அவர் திரும்பினார். விரிந்த கண்களால் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு கேட்காமலே கண்ணை மூடி, முகத்தை மேலே நிமிர்த்திக்கொண்டு கிடந்தார்.

அவள் குழாயடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினாள். மணந்து பார்த்தாள். சவர்க்கார மணந்தான். திரும்பி வந்து கட்டிலருகே நின்றாள். அவர் அப்படியே கிடந்தார். மூடிய இமைகளுக்கு ஒரு விரல்கிடை மேலேவரை அவளுடைய கை போயிற்று. அதற்குக் கீழே இறங்க மறுத்தது.

"பொறுங்கோ," என்று சொல்லிவிட்டு, இன்னொருமுறை கழுவப் போனாள்.